பேர் வெட்டியாச்சு: தோட்டத்துத் தமிழும் ஆங்கில வினைச்சொல்லும்

(பதுளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சேர், இது தொழிற்சங்கக் கூட்டமா?" இல்லை, ஆங்கில இலக்கண வகுப்பு என்றேன். "அப்ப நான் வரல்ல சேர்" என்று சிரித்தார். அவர் ஏன் வரவில்லை என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஊவா தோட்டப் பாடசாலைகளில் 28 வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் நான். முதல் வருடத்தில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தரம் ஒன்பது. அம்மாவைப் பற்றி ஐந்து வசனம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: 'மை மதர் வில் கோ டு ப்ளக் டீ எவ்ரி டே. ஷீ வில் கம் ஹோம் அட் ஃபைவ். ஷீ வில் மேக் ரொட்டி.' மூன்று 'வில்'லையும் சிவப்பு மையால் வெட்டினேன். ஓரத்தில் 'டென்ஸ்!' என்று ஆச்சரியக்குறியோடு எழுதினேன். அடுத்த கொப்பியை எடுத்தால் அதிலும் 'வில்'. அதற்கடுத்ததிலும் 'வில்'. ஒரு பிள்ளை செய்தால் கவனக்குறைவு. ஒரு வகுப்பே சேர்ந்து ஒரே பிழையைச் செய்தால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் வெட்டினேன். மை தீர்ந்ததுதான் மிச்சம்.

காரணம் கிடைத்தது வகுப்பறையில் அல்ல. லயத்துக்கு மேலே போகும் பாதையில் இரண்டு கிழவிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் மருமகளைப் பற்றிச் சொன்னாள்: "வெள்ளன மலைக்குப் போவா, அஞ்சு மணிக்கு வருவா, வந்து ரொட்டி சுடுவா." போவா, வருவா, சுடுவா. எதிர்காலம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் அதே வினையுருவம். ஆனால் நாளைக்கு நடக்கப் போவதைப் பற்றி அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றாடம் நடப்பதைச் சொன்னாள்.

இது தோட்டத்துப் பேச்சின் கோணல் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பழையவர்களுக்கே இது தெரியும். மலை நிற்கும், தீச் சுடும் என்று உதாரணம் காட்டி, மூன்று காலத்துக்கும் பொதுவானதைச் சொல்ல 'செய்யும்' என்னும் வாய்பாடு வரும் என்று விளக்கினார்கள். இந்தப் பதுளை ஸ்டேஷனில் யாரிடமாவது கேளுங்கள்: "கொழும்பு ரயில் எத்தனை மணிக்குப் போகும்?" போகும். நேற்றும் போனது, இன்றும் போகிறது, நாளையும் போகும். 1924இல் பாதை இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் கேட்கிறோம். ஆங்கிலம் இதற்கு ஒரு துணைச்சொல்லும் இல்லாத வெறும் வினையை வைத்திருக்கிறது. 'த ட்ரெய்ன் லீவ்ஸ்.' ஆக, நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வசனம்: "போவா என்பது நாளைக்கு என்றால் 'வில்' போடு, அன்றாடம் என்றால் போடாதே." அதைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் பிடித்தது.

இன்றைய பேச்சில் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். நம் பிள்ளைகள் ஆங்கில வினையைப் படிக்க வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. காலம், நிபந்தனை, செயப்பாட்டு வினை என்று நாம் பயமுறுத்தும் மூன்றுக்கும் வேண்டிய கருவி அவர்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே கிடக்கிறது. அதை வகுப்பறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்கிறோம்.

ஆங்கிலம் மலைநாட்டுக்குப் புதியதல்ல. அது இங்கே எந்த உருவத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். லைன் லயமாயிற்று. பரேட் பெரட்டாயிற்று. ஸ்டோர் இஸ்டோர் ஆயிற்று. செக்ரோல், கண்டக்டர், டீமேக்கர், டிவிசன் எல்லாம் அப்படியே தங்கிவிட்டன. எல்லாம் பெயர்ச்சொற்கள். பொருளும் பதவியும் இறங்கி வந்தன. காலம் காட்டும் வினை ஒன்றுகூட இறங்கி வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே கதைதான். வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் கற்க 19ஆம் நூற்றாண்டில் ஒரு சிறு கைந்நூல் இருந்தது. அதன் பெயரே 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட நூலுக்குப் பெயர் 'கூலித் தமிழ்'. வா, போ, வெட்டு, தூக்கு. ஏவல் வினைக்குக் காலம் கிடையாது, நிபந்தனை கிடையாது. மொழியிலேயே மிகக் குட்டையான வடிவம் அது. இரண்டு மொழிகள் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே மலையில் பழகின. ஒன்று மற்றதிடமிருந்து பெயர்ச்சொல்லை வாங்கியது, மற்றது ஏவலை மட்டும் வாங்கியது.

பாடசாலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அதற்குள் வளர்ந்தவர்கள். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்தின் தலையில் வைத்தது. நடைமுறையில் அது ஒரு வாத்தியார், ஒரு அறை. 1977க்குப் பிறகு படிப்படியாக அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. ஆங்கிலத்துக்கென்று ஓர் ஆசிரியர் வந்து நின்றதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

இதற்கிடையில் ஒரு விதிவிலக்கு நடந்தது. புண்டலுஓயா மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் எழுதினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1970இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் 'போர்ன் டு லேபர்'. இந்தத் தலைப்பின் முதல் சொல்லைப் பிடித்து ஒரு முழுப் பாடம் நடத்தலாம், நடத்தியிருக்கிறேன். தமிழில் பிறப்பு நாம் செய்யும் வினை: நான் பிறந்தேன். ஆங்கிலத்தில் அது நமக்கு நேர்வது: 'ஐ வாஸ் போர்ன்.' பெற்றவள் செய்த வேலை அது, பிள்ளைக்கு அதில் பங்கில்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் 'ஐ போர்ன் இன் பதுளை' என்று எழுதுகிறார்கள். 'வாஸ்' போட மறந்துவிட்டது என்று ஆசிரியர் நினைக்கிறார். மறக்கவில்லை. "அம்மா உன்னைப் பெற்றாள், அதை உன் பக்கமிருந்து சொல்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பிறகு அந்த 'வாஸ்' தானாக வந்து உட்காரும்.

இப்போது காலங்களுக்கு வருவோம்.

எல்லா வகுப்பறைச் சுவரிலும் ஒரு பன்னிரண்டு கட்டம் தொங்குகிறது. மேலே மூன்று காலம், பக்கவாட்டில் நான்கு வகை. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தின் காலத்திலிருந்து நம் தலைமுறைகள் அந்தக் கட்டத்துக்குள் குடியிருந்துவிட்டன. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் என்ற பெரிய இலக்கண அறிஞர் ஆங்கில வினையை ஆராய்ந்துவிட்டு, அதன் உருவத்தில் இரண்டு காலம்தான் உண்டு, எதிர்காலத்துக்கென்று தனி உருவமே இல்லை என்றார். 'வில்' என்பது ஒரு துணைவினை, அவ்வளவே. இதை ஆசிரியர் பயிற்சியில் ஒருமுறை சொன்னபோது ஓர் இளம் ஆசிரியர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார், "அப்ப அந்த சார்ட்டை என்ன செய்யிறது?" சுவரில் ஈரக்கசிவு இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள் என்றேன். முற்றிலும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பன்னிரண்டில் பரீட்சைக்கும் வாழ்க்கைக்கும் அன்றாடம் வேண்டியது ஐந்து. அந்த ஐந்தில் பிள்ளைகள் உண்மையிலேயே தடுக்கி விழும் இடம் இரண்டு.

ஒன்று, நம்முடைய '-கிற'. "அவ சாப்பிடுறா" என்றால் இப்போது தட்டுக்கு முன்னால் இருக்கிறாள் என்றும் ஆகலாம், இப்போதெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்றும் ஆகலாம். ஆங்கிலம் இதை இரண்டாக வெட்டுகிறது. பிள்ளை வெட்டத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் 'இங்' ஒட்டுகிறது. 'ஐ ஆம் நோயிங்' என்று நம்மவர் பேசுவதைக் கொழும்பில் கேலி செய்வார்கள். தமிழ் வாடை என்பார்கள். தமிழ்மேல் வீண்பழி. "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையாவது சொல்லுமா? தெரியும், பிடிக்கும், வேணும், புரியும் என்று அத்தகைய சொற்களைத் தமிழே ஓடவிடாமல் நிறுத்தித்தான் வைத்திருக்கிறது. பிள்ளை தன் தமிழைக் கேட்டிருந்தால் 'ஐ நோ' என்றே சொல்லியிருக்கும். 'இங்' வந்தது நாம் மூன்று மாதம் அதையே போட்டுப் பயிற்சி கொடுத்ததால். பழி ஆசிரியர் அறைக்கு வர வேண்டியது.

இரண்டாவது, 'ஹேஸ் கம்', 'கேம்' என்ற சோடி. இதைப் புரியவைக்க நான் எந்தக் கோடும் கீறுவதில்லை. "மழை பேஞ்சிச்சு", "மழை பேஞ்சிருக்கு" என்று இரண்டு வசனத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். இரண்டாவதைச் சொன்னவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்? "தரை ஈரமா இருக்கு சேர்" என்று கடைசி வாங்கிலிருந்து பதில் வரும். அதுதான் 'ஹேஸ்'. நடந்தது அப்போது, அதன் ஈரம் இப்போது. "அம்மா வந்திருக்கா" என்றால் அம்மா வாசலில் நிற்கிறாள். இங்கே எச்சரிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழில் "நேத்து வந்திருக்கா" என்று சொல்லலாம்: நான் பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறேன் என்று பொருள். ஆங்கிலம் 'ஹேஸ்'சுக்குப் பக்கத்தில் 'யெஸ்டர்டே'யை உட்கார விடாது. நம் பிள்ளைகள் இழக்கும் புள்ளிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சின்ன வேலியில்தான் போகின்றன.

நிபந்தனை வாக்கியங்களில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். தோட்டத்து வாழ்க்கை முழுக்கவே 'ஆல்' விகுதியில் தொங்கும் வாழ்க்கை. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம்; எடுக்காவிட்டால் அரைப் பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆன கையோடு, அந்தக் குறித்த கிலோவைப் பல தோட்டங்கள் கூட்டிவிட்டன. நிபந்தனையின் முன்பாதியை மாற்றினால் பின்பாதி எவ்வளவு பெரிதானாலும் கைக்கு எட்டாது என்பதை இலக்கணம் படிக்காத எவரும் இங்கே புரிந்துவைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் துண்டு இருந்தது. கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இன்னின்ன ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை ஒரு குடும்பம் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போவது அந்த ஒற்றை 'இஃப்'பைப் பொறுத்திருந்தது. அதைச் சுமந்து நடந்தவருக்கு அதை வாசிக்கத் தெரியாது.

இலக்கணத்துக்குத் திரும்புகிறேன். 'மழை பெய்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பெய்த் என்பது இறந்தகால அடி. நடக்காத மழைக்கு, நாளைய மழைக்கு, தமிழ் ஏன் இறந்தகால அடியை எடுக்கிறது? இதே விசித்திரம் ஆங்கிலத்திலும் உண்டு: 'இஃப் இட் ரெய்ன்ட்.' நடக்காததை நினைத்துப் பார்க்க இரண்டு மொழியும் நடந்து முடிந்ததன் உடுப்பைப் போட்டுக்கொள்கின்றன. மொழியியலாளர் இதற்கு என்ன காரணம் சொன்னாலும், கற்பிப்பவனுக்கு இது பெரிய கொடை. 'இஃப் ஐ வேர்' என்பதில் ஏன் 'வேர்' என்று பிள்ளை கேட்டால் விதி ஒன்றும் சொல்ல வேண்டாம். "நான் தொரையா இருந்தா" என்று நீ சொல்கிறாயே, இருக்கிறா என்றா சொல்கிறாய், இருந்தா என்றுதானே?

நான் துரையாக இருந்தால் என்ற விளையாட்டை எல்லா வகுப்பிலும் ஆடியிருக்கிறேன். லயத்துக்கு ஓடு மாற்றுவேன், எல்லாருக்கும் சப்பாத்து வாங்குவேன், ஆபீசைப் பூட்டிவிட்டுத் தூங்குவேன் என்று வரும். ஒரு பையன் எழுந்து சொன்னான்: "அட்டைக்கும் பேர் போடுவேன் சேர். அது ஒருநாளும் லீவு எடுக்கல்ல." அதை நாங்கள் எல்லாருமாக ஆங்கிலமாக்கினோம்: 'இஃப் ஐ வேர் த டொரை, ஐ வுட் கிவ் எ பேர் டு த லீச்.' பேருக்கு ஆங்கிலம் தேடினோம், கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம். நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பெயர்ச்சொற்களை வாங்கிய தோட்டம் ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுத்தால் குறைந்துவிடாது.

கச்சான் காற்று அடித்தால் தேயிலைக்கு வாசம் ஏறும். ஊவாத் தேயிலையின் பெயரே ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றில்தான் இருக்கிறது. என்றும் உண்மையானதைச் சொல்லும் நிபந்தனைக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூலிலும் இல்லை. தண்ணீரை நூறு பாகைக்குச் சூடாக்கினால் கொதிக்கும் என்று எழுதியிருப்பார்கள். மலையில் அது நூறுக்கு முன்னாலேயே கொதித்துவிடும்.

பாடநூல்கள் மூன்றாம் வகை என்று கடைசியில் வைப்பதை நான் முதலில் எடுப்பேன். மிகக் கடினம் என்று பெயர் வாங்கியது அது: 'இஃப் ஹீ ஹேட் ஸ்டடீட், ஹீ வுட் ஹேவ் பாஸ்ட்.' தமிழில் போட்டுப் பாருங்கள். படிச்சிருந்தா பாஸாகியிருப்பான். படிச்சு, இருந்த், ஆ: அந்த இருந்த் 'ஹேட்'. ஆகி, இருப்ப், ஆன்: அந்த இருப்ப் 'வுட் ஹேவ்'. அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது. உலகத்தில் எத்தனையோ மொழிக்காரர்கள் இந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை காலையில் பஸ்ஸைத் தவறவிட்டதிலிருந்து இரவு விளக்கு அணையும்வரை பத்துத் தடவை இதைச் சொல்கிறது. வெள்ளன எந்திரிச்சிருந்தா புடிச்சிருப்பேன். கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க.

இந்த வகைக்கு வீட்டிலிருந்து உதாரணம் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். 2014க்குப் பிறகு கொஸ்லந்தைப் பக்கத்து வகுப்புகளில் அதை நிறுத்திக்கொண்டேன். அந்த ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தை லயங்களின்மேல் மலை சரிந்தது. பிள்ளைகள் என்ன வாக்கியம் கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். இடம் மாத்தியிருந்தா. 2005இலும் 2011இலும் அங்கே ஆபத்து என்று எச்சரிக்கை போனதாக அப்போது செய்திகளில் வந்தது. ஆங்கிலப் பத்திரிகையில் 'ஹேட் பீன் வோர்ன்ட்' என்று படித்தேன். எச்சரிக்கப்பட்டிருந்தார்கள். யார் எச்சரித்தார், யாரை, எந்த மொழியில், எழும்பிப் போக எந்த வீட்டைக் காட்டி? அந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்குள் இவை ஒன்றுக்கும் இடமில்லை. இலக்கணப்படி வாக்கியத்தில் எந்தப் பிழையும் இல்லை.

செயப்பாட்டு வினைக்கு வந்துவிட்டோம்.

இதை நாம் கற்பிக்கும் விதம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. 'ராமா ஈட்ஸ் ரைஸ்' என்று கொடுத்து 'ரைஸ் இஸ் ஈட்டன் பை ராமா' என்று திருப்பச் சொல்கிறோம். யாரும் எங்கேயும் சொல்லாத வாக்கியம். சோறு ராமனால் உண்ணப்படுகிறது என்று வீட்டில் சொன்னால் பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இதற்குமேல் 'பை' கட்டாயம் என்று வேறு சொல்லிவைத்திருக்கிறோம். செய்தவரைச் சொல்லாமல் விடுவதற்காகத்தான் ஆங்கிலக்காரர் பெரும்பாலும் இந்த வினையை எடுக்கிறார்கள். அதன் முழுப் பயனும் 'பை' இல்லாமல் இருப்பதில் இருக்கிறது.

செய்தவரை மறைக்கப் பிள்ளைக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. கோப்பையைக் கீழே போட்ட பிள்ளை என்ன சொல்லும்? "உடைஞ்சிருச்சு." உடைச்சிட்டேன் என்று சொன்ன பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. உடைந்தது, உடைத்தது, கிழிந்தது, கிழித்தது என்று தமிழ் சோடி சோடியாக வைத்திருக்கிறது. பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளையும் 'கெடுவா' என்று ஒப்புக்கொள்ளாமல் 'கெடுணா' என்றுதான் சொல்லும். மொழி வேறு, கோப்பை ஒன்றுதான்.

தமிழிடம் இன்னும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று 'ஆச்சு'. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று கேளுங்கள்: கொழுந்து நிறுத்தாச்சு. ஆபீஸ் வாசலில் கேளுங்கள்: சம்பளம் போட்டாச்சு. யார் நிறுத்தார், யார் போட்டார் என்பதற்கு அந்தச் சொல்லில் இடமே கிடையாது. வேலை முடிந்துவிட்டது, அதன் பலன் இப்போது கையில். 'ஹேஸ் பீன் வெயிட்', 'ஹேவ் பீன் பெய்ட்'. பன்னிரண்டு கட்டத்தில் ஒரு மூலையில் பிள்ளைகள் தேடி அலையும் அந்த வடிவத்துக்குத் தோட்டத்தில் மூன்றெழுத்து. பேர் வெட்டியாச்சு: 'த நேம் ஹேஸ் பீன் ஸ்ட்ரக் ஆஃப்.' மொழிபெயர்ப்பு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு நேராக இறங்குகிறது.

மற்றது 'ஆங்க'. பேரை வெட்டிட்டாங்க. செய்தவர் யார் என்று இதிலும் சொல்லவில்லை. ஆனால் 'ஆங்க' என்று ஒரு கூட்டம் அங்கே நிற்கிறது. "யாரு?" என்று உடனே கேட்டுவிடலாம். வெட்டப்பட்டது என்பதைப் பார்த்து அப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை. நம் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், அவர்களில் ஒருவர் நம் பதுளைத் தொகுதியின் எஸ்.எம். சுப்பையா. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் போயின. இதைப் பாடநூலில் எப்படி எழுதுகிறோம்? குடியுரிமை பறிக்கப்பட்டது. வாக்குரிமை இழக்கப்பட்டது. 1964 ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டார்கள். எழுவாய் எல்லாம் உரிமையும் பேர்த்தொகையும். என் பாட்டி இதே விசயத்தை ஒரே வரியில் சொல்வாள்: "ஓட்டைப் புடுங்கிட்டாங்க." சரித்திர ஆசிரியரின் வாக்கியத்தைவிடப் பாட்டியின் வாக்கியத்தில் சாட்சியம் அதிகம்.

படு விகுதியை நான் வெறுக்கவில்லை. அரசாங்கக் கடிதங்களில் "சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்" என்று படிக்கும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. அது தமிழெழுத்தில் எழுதிய ஆங்கிலம். 'யூ ஆர் ரிக்வெஸ்டட்' என்பதன் நிழல். தமிழை இப்படி எழுதத் தெரிந்த நமக்கு, ஆங்கிலத்தை அப்படிப் படிக்கத் தெரியவில்லை என்பது வேடிக்கை.

படிக்கத் தெரிவதுதான் முக்கியம். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியது. இணைக்கும் மொழி நம் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் கடிதமாகத்தான், அதுவும் செயப்பாட்டு வினையில்தான். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவருக்குச் சேமலாப நிதி தொடர்பாக ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். 'யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் நாட் பீன் ஃபோர்வர்டட்.' உயர்தரம் படிக்கும் பேத்தி அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பொருள் கேட்டு வரவில்லை. பொருள் அவளுக்குத் தெரியும். "இதுல 'பை' இல்லையே சேர். யாரு அனுப்பல்ல?" என்று கேட்டாள். என் 28 வருடத்தில் ஒரு மாணவி கேட்ட ஆகச் சிறந்த இலக்கணக் கேள்வி அது. அந்தக் கேள்வியையே ஆங்கிலத்தில் எழுதிப் பதிலாக அனுப்பினோம். இரண்டு வரி. அனுப்ப வேண்டியவர் யார், எப்போது அனுப்புவார்? மூன்றாம் கிழமை பதில் வந்தது. அதில் ஒரு பதவிப்பெயர் இருந்தது.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் இரண்டு கிழமைக்கு மட்டும் அந்தப் பன்னிரண்டு கட்டத்தைச் சுருட்டி வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலும் மடுவத்திலும் பஸ்ஸிலும் காதில் விழுந்த பத்து வசனத்தைக் கேட்டபடியே, திருத்தாமல், கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும். போவா, பேஞ்சிருக்கு, இருந்திருந்தா, நிறுத்தாச்சு, வெட்டிட்டாங்க எல்லாம் அதில் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக ஆங்கிலமாக்குங்கள். பொருந்தாத வசனம் வந்தால் அதைத் தனித்தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பொருந்துவதைவிட அவைதான் எனக்கு வேண்டும். இந்தச் சொற்பொழிவுக்காக அறக்கட்டளை தரும் தொகையில் அவற்றைத் தொகுத்து அச்சிட்டு, ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளுக்கு இலவசமாக அனுப்புவதாக இங்கே ஒப்புக்கொள்கிறேன். தாள்களைத் தவணை முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.